பன்னிரண்டு பேர் கூடம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என்னோடு வேலை பார்க்கிறவனின் அக்காவுக்கு நடந்தது. ராத்திரியில் அல்ல... பட்டப்பகலில், மூன்று மணிக்கு.

சரக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் போகும் சாலை. ஈ காக்கை இருக்காது. அதன் கடைசியில் ஒரு பழைய சங்கக் கூடம். ஒரு காலத்தில் பன்னிரண்டு பேர், 'சகோதரர்கள்' என்று சொல்லிக்கொண்டு, அங்கே ரகசியமாகக் கூடுவார்களாம். ஜன்னல்கள் எட்டாத உயரத்தில். வாசல் ஒன்றே ஒன்று. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் அதை வாங்கி, நடுவே பலகைச் சுவர் அடித்து வீடாக்கிக்கொண்டார்கள். அவர் எலக்ட்ரீஷியன். அவள் தையல்காரி.

அன்றைக்கு அவள் மட்டும். மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

டக்... வாசல் தாழ்ப்பாள் தானாக விழுந்தது. அணைந்த மெழுகின் வாடை. பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம். அந்த வீட்டில் நாற்காலியே இரண்டுதான்.

பிறகு, ஒரு கிழட்டுக் குரல்.

"ஒண்ணு."

"இருக்கேன்."

"ரெண்டு."

"இருக்கேன்."

வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. கத்திரியைக் கொடுத்து நெம்பினாள். முனை உடைந்தது. கத்தினாள்... யாருக்குக் கேட்கும்? உள்ளே பதினொன்று வரை வந்துவிட்டது.

"பன்னெண்டு."

பதில் இல்லை.

"பன்னெண்டு..."

ஒவ்வொரு தடவையும் குரல் ஓர் அடி கிட்டே வந்தது. கடைசியில், வாசலோரம் அவள் காதை ஒட்டிய பலகைக்குப் பின்னால்...

"பன்னெண்டு."

"இருக்கேன்!" என்று அலறிவிட்டாள்.

தாழ்ப்பாள் மெல்ல மேலே ஏறியது. வெறுங்காலோடு ரயில் நிலையம் வரைக்கும் ஓடினாள்.

அங்கிருந்த காவல்காரர் சொன்னார்: "எல்லாரும் பதில் சொன்னாத்தாம்மா அங்க கதவு திறக்கும். கடைசிக் கூட்டத்துக்கு ஒருத்தர் வரவே இல்ல. மத்த பதினோரு பேர் வெளிய வந்ததை யாரும் பாக்கல."

அந்த வாரமே விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து, அந்த வீட்டை வாங்கிய தபால்காரர் அக்காவின் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார்.

"சார், உங்க வீட்டம்மா இங்க வந்தாங்களா?"

"இல்லையே. இதோ எதிர்லதான் உக்காந்திருக்கா. ஏன்?"

"பலகைக்குப் பின்னால ஒரு பொம்பள உங்க பேரைச் சொல்லித் தட்டுறாங்க சார்... நீங்களே கேளுங்க."

தட்... தட்... தட். பிறகு போனுக்குள்ளிருந்து அக்காவின் குரல், தொண்டை கட்டிப்போய்:

"என்னங்க... என்னை விட்டுட்டு யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?"

அவர் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார்.

எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல் அடுத்ததை எடுத்தாள்.