பேருக்குப் பின்னாடி இன்னா போடறது?

…அப்புறம் எதுக்கு ஊருக்கு ஊரு காலேஜ கட்டி வெச்சிருக்கானுவோ? மாடு கட்டறதுக்கா? நீயே சொல்லு குரு. இல்ல, நீ மொதல்ல அந்த கம்ப்யூட்டர ஆன் பண்ணு, நான் சொல்லிக்கினே வர்றேன். பேனர் இன்னைக்கே வேணும். சாயந்திரம் கூட்ரோட்டுல கட்டியாவணும். வெள்ளிக்கெழம எம்பொண்ணுக்கு வேலை இருக்குதா போச்சானு கம்பெனிக்காரன் சொல்லிடுவான், அதுக்குள்ள கட்டினாத்தான் உண்டு.

எந்தப் பொண்ணா? இருக்கறதே ஒரு பொண்ணுதாம்ப்பா, ஜெயஸ்ரீ. மெட்ராஸ்ல வேலை செய்யுது. நீ இப்பத்தான் கடை போட்ட, உனக்குத் தெரியாது. அரிகிருஷ்ணன் யாருனு மார்க்கெட் கமிட்டியில போய் கேட்டுப் பாரு. மல்லாட்ட மூட்டை வந்து எறங்குச்சுனா வியாபாரிங்க என் மூட்டையத்தான் மொதல்ல பிரிச்சுப் பாப்பானுங்க, கடலை அப்பிடி இருக்கும். அத உடு.

இன்னா விசேஷமா? விசேஷம்லாம் இல்ல. சொல்றேன் இரு, அவசரப்படாத.

திண்டிவனத்துல பி.காம். சேத்து உட்டேன் குரு. பஸ் பாஸு, பீஸு, பொஸ்தகம், ஒண்ணுத்துக்கும் கொறை வெக்கல. ரெண்டாவது வருசம் பாதியில, 'நைனா, எனக்கு இது ஏறல, வேற தொழில் கத்துக்கிறேன்'னு ஊட்ல வந்து குந்திக்கிச்சு. இன்னா தொழில்னா, சர்ச் மார்க்கெட்டிங்காம். அப்பிடின்னா? கோட்டை பாக்க வர்றவன் போன எடுத்து 'செஞ்சியில நல்ல லாட்ஜ்'னு தேடறான்ல, அப்ப எந்த லாட்ஜ் மேல வரணும், எது கீழ போவணும், அதுக்கு ஆவறத செய்யற வேலை. ஏம்மா, பஸ் ஸ்டாண்டுல 'ரூம் வேணுமா சார், ரூம் வேணுமா'னு ஆளு பின்னாடியே ஓடறானே, அத நீ உக்காந்த எடத்துல செய்யப்போறியானு கேட்டேன். 'கிட்டத்தட்ட அதான் நைனா'னு சிரிக்குது. 

ராவும் பகலும் போன்ல வீடியோ பாத்துப் பாத்தே கத்துக்கிச்சு. கோட்டைக்குப் போற வழியில ஒரு லாட்ஜு, ஆரணியில ஒரு பொடவக் கடை, ரெண்டையும் மேல கொண்டாந்துச்சு. அத காட்டித்தான் மெட்ராஸ்ல வேலை வாங்குச்சு. சர்ட்டிபிகேட்ட கொண்டானு ஒருத்தன் கேக்கலியாம். எம்பொண்ணும் ஒளிக்கல, டிகிரி முடிக்கலனு மொத நாளே சொல்லிடுச்சு. பரவால்லனுட்டானுங்க. எப்பிடிப்பா பரவால்லன்றான்? பெத்தவன் நான் இருக்கிறேன், எனக்குப் பரவால்லயானு ஒரு வார்த்தை கேக்க வாணாம்?

எங்க அண்ணன் தாண்டவராயன் மவன் இருக்கிறான், இனியன். பி.இ., எம்.பி.ஏ. வேலையா? தேடிக்கினு இருக்குது. அது வேற. பையன் ஒரு கல்யாணத்துக்குப் போனா மொய் எழுதறவன் கூட நிமிந்து பாக்கறான்ல, அத சொல்றேன். இவனும் எம்பொண்ணு பாக்கற மாதிரி வேலைக்குத்தான் போய் நின்னான். 'இது வரைக்கும் எதை மேல கொண்டாந்த?'னு கேட்டிருக்கானுங்க. மார்க் ஷீட்ட எடுத்து நீட்டியிருக்கிறான். டீ குடுத்து அனுப்பிட்டானுங்க. அநியாயமா இல்ல?

சரி, பேனர் சைஸா? போன தபா கட்டினத விட ரெண்டு மடங்கு பெருசா இருக்கட்டும். போன தபா உங்கிட்ட அடிக்கல, தேட்டர் பக்கத்துல ஒருத்தன் இருக்கிறானே, அவங்கிட்ட. அவங்கிட்ட திரும்பிப் போனா ஏன் எதுக்குனு குடைவான். நீ பேசாம கேக்கற ஆளு, அதான் உங்கிட்ட வந்தேன்.

இப்ப கூத்த கேளு. எம்பொண்ண நம்பி ஒரு பெரிய வேலைய குடுக்க இருந்தானுங்க. எந்த வேலை தெரியுமா? ஒரு காலேஜு. ஆமாப்பா, காலேஜேதான். 'எங்ககிட்ட படிச்சாத்தான் எதிர்காலம்'னு போர்டு வெச்சிருக்கறவன், அவன் காலேஜு தேடினா மொதல்ல வரமாட்டேங்குதாம், மேல கொண்டாந்து உடுனு காலேஜு முடிக்காத எம்பொண்ணுகிட்ட வர்றான். எனக்கு அன்னைக்குத்தான் மனசு ஒரு மாதிரி குளுந்துச்சு. ஊட்டுக்காரி கேசரி கூட கிண்டினா.

அந்தக் காலேஜ்காரன், நம்ம வேலைய பாக்கப்போற பொண்ணு யாருனு ஜெயஸ்ரீ பேரையும் ஊரையும் போட்டுத் தேடியிருக்கிறான். தேடினா இன்னா வருது? அவலூர்பேட்ட ரோட்டுல எங்க அண்ணன் கட்டின ஊட்டு கிரகப்பிரவேச பேனர் வருது. அதுல, வட்டத்துக்குள்ள எம்பொண்ணு போட்டோ. கீழ பேரு. பேருக்குப் பின்னாடி எம்.பி.ஏ.

கம்பெனி எம்பொண்ண பத்தி எழுதிக் குடுத்ததுல டிகிரி முடிக்கலனு இருக்குது, ஊர் பேனர்ல எம்.பி.ஏ.னு இருக்குது, எது பொய்னு கேட்டுட்டான். கம்பெனிக்காரன் எம்பொண்ண கூப்பிட்டு, 'படிக்கலன்னா பரவால்ல, படிக்காமயே படிச்சேனு சொல்லிக்கினா பரவால்லனு உட முடியாது'னுட்டான். வெள்ளிக்கெழம வரைக்கும் வேலைக்கு வராதனு ரூமுக்கு அனுப்பிட்டான். பாத்தியா, கடைசில டிகிரியிலதான் வந்து நிக்குது. நான் மொதல்லருந்து இதத்தான சொல்லிக்கினு இருக்கிறேன்?

யார் போட்டதா?

அத ஏன் கேக்கற. அன்னைக்கு கிரகப்பிரவேச பேனர் அடிக்க தேட்டர் பக்கத்துக் கடையில குடும்பமே நிக்குது. இனியன் பேருக்குப் பின்னாடி பி.இ., எம்.பி.ஏ. மருமவ பேருக்குப் பின்னாடி எம்.எஸ்.சி., பி.எட். அண்ணன் பேத்தி ஒண்ணு, மூக்கு ஒழுவிக்கினு இடுப்புல உக்காந்துக்கினு இருக்குது, அதுக்கு யு.கே.ஜி.னு போட்டாச்சு. அடுத்து எம்பொண்ணு. 'ஜெயஸ்ரீ பின்னாடி இன்னா போடறது?'னு அந்தாளு சத்தமா கேக்கறான். அண்ணி என் மூஞ்சையே பாக்கறா. யு.கே.ஜி. குழந்தைக்குப் பக்கத்துல எம்பொண்ணு பேரு மொட்டையா நிக்கணுமா குரு? இனியனோட எம்.பி.ஏ.வையே இதுக்கும் போடுப்பான்னு வாயில வந்துடுச்சு.

அதோட உட்டேனா? நெட்ல செஞ்சி நியூஸ்னு ஒரு பக்கம் ஓட்டறான்ல ஒருத்தன், அவங்கிட்ட பேனர் போட்டோவ குடுத்து, வெறும் படம் போட்டா ஆச்சா, பேரு பட்டம்லாம் கீழ தனியா டைப் பண்ணி போடுனு கூடவே நின்னு போட வெச்சேன். தேடினா கெடைக்கட்டும்னுதான். நல்லா கெடைச்சுது.

நேத்து ராத்திரி போன் பண்ணுச்சு. அழுதா தேவலையா இருந்திருக்கும், அழுவல. 'நைனா, அங்க யாருமே எங்கிட்ட படிப்ப கேக்கல. நீ மட்டும்தான் கேட்டுக்கினே இருந்த'னுச்சு. வெச்சிடுச்சு. 

காலையில நானே கூப்பிட்டேன். அந்த செஞ்சி நியூஸ்காரன்கிட்ட சொல்லி அழிச்சிடறேம்மானேன். 'அழிச்சாலும் நாலு பேரு எடுத்துப் போட்டிருக்கானுங்க, அதுக்கு மேல வேற ஒண்ணு வந்தாத்தான் அது கீழ போவும்'னுச்சு. எனக்குத் தெரிஞ்சு மேல கட்டறதுனா பேனர்தான். கட்டி, போட்டோ புடிச்சி, அதே செஞ்சி நியூஸ்ல போட்டு, கம்பெனிக்கும் அனுப்பிடறேன்.

எழுதிக்கோ. 'ஜெயஸ்ரீ'. அடுத்து… இரு. பேரு வெறிச்சுனு தெரியுதில்ல? சின்னதா ஒரு பூ டிசைன்… இல்ல வாணாம். முற்றுப்புள்ளி வெச்சிடு. கீழ, 'என் மகள் எம்.பி.ஏ. படிக்கவில்லை. பி.காம். கூட முடிக்கவில்லை. பொய்யாகப் போட்டது நான். அவளுக்குத் தெரியாது.' பெரிய எழுத்துல. பஸ்ல போறவனுக்கும் தெரியணும்.

அண்ணி பாப்பாளா? பாக்கட்டும். ஊரே பாக்கட்டும்.

போட்டோ அவளுது வாணாம். என்னுத போடு. எங்கிட்ட நல்லதா ஒண்ணும் இல்ல, நீயே எடுத்துக்கோ. இங்க நிக்கவா? கைய கும்புட்டுக்கினு நிக்கிறேன். ஓட்டு கேக்கற மாதிரியா இருக்குது? இருந்துட்டுப் போவுது. எடு.