புதுசு குலையாத மெத்தை

அந்தப் பேனைய ஒருக்கா வைங்க மிஸ். ஓம், கையெழுத்து வைக்கிறன், மாட்டன் எண்டு சொல்லல்ல. ஒள்ளுப்பம் பொறுங்க. இந்தக் கதிரையில இருங்க, ஆடாது, நான் செஞ்சதுதான்.

நீங்க கேக்கிறது விளங்குது. மற்ற ஊருகள்ல விளையாட்டிடத்து நிலத்துல போட்ட றப்பர் மெத்தையெல்லாம் ரெண்டு வருசத்துல வெடிச்சுக் கிழிஞ்சு போச்சு, இஞ்ச மட்டும் நாலு வருசமாகியும் நேத்துப் போட்ட மாதிரிக் கிடக்கு. க்ளைவ் அங்கிள் என்ன மாயம் செஞ்சீங்க எண்டு கேக்கிறீங்க. மற்ற ஊர் விளையாட்டிடம் பாக்கிற ஆக்களக் கூட்டி வெச்சு நான் படிப்பிக்கவும் வேணுமாம். ஐயோ, எனக்கு வெக்கமா இரிக்கி மிஸ். இந்தக் கடதாசியில விபத்து இல்லை எண்டு ஒரு இடம் கிடக்குதே, முதல்ல அத வெட்டுங்க. அத வெட்டாட்டி ஒரு புள்ளைட கை நிமிராது. சொல்லுறன், சொல்லுறன். அவசரப்படுத்தினா என்ட வாய் அடைச்சுப் போயிரும்.

உங்கட நிறுவனத்து ஆக்கள் மெத்தையோட தந்த கொப்பியில என்ன கிடந்திச்சு? ஒவ்வொரு நாளும் மண்ணக் கூட்டு, மாசத்துக்கு ஒருக்கா உப்புப் போகக் கழுவு, பொருத்து விட்டிருக்கா எண்டு விரலால தடவிப் பாரு. எல்லாம் செஞ்சன். அதுக்கு மேலயும் செஞ்சன்.

முதல்ல இவடம் வெறும் கடல் மண். புள்ளைகள் அதுலதான் விழுந்து எழும்பித் திரிஞ்சதுகள், ஒண்டும் ஆகல்ல. மெத்தை சமனா இருக்கணும் எண்டா அடியில கொங்கிறீட் போடணும் எண்டாங்க. மண்ணக் கிண்டி எடுத்து, அடிச்சு இறுக்கி, கொங்கிறீட் போட்டது இந்தக் கைதான். அதுக்கு மேல, ஊஞ்சலுக்கும் ஏறி விளையாடுற கம்பிச் சட்டத்துக்கும் கீழ, நாலு விரல் மொத்தத்துல நீலத் துண்டுகள், ஒண்டோட ஒண்டு கொளுவி. நான் செருப்பக் கழட்டிப் போட்டு நடந்து பாத்தன். அவ்வளவு மெதுமை! சுனாமிக்குப் புறகு எங்களுக்கு எவ்வளவோ சாமான் தந்தாங்க, இப்பிடி வடிவா ஒண்டும் வரல்ல.

மூண்டாம் நாளே ஒரு பொடியன் அதுல ஆணியால பேர் எழுதினான். தாய்மாரக் கூட்டிக் கதைச்சன். ஓம் அங்கிள், நல்ல சாமான், பாழாக்கப்படாது எண்டு அவங்களும் சொன்னாங்க. அண்டைக்கே கழட்டினன். கழுவி, காயவெச்சு, பேபி பவுடர் தூவி, களஞ்சிய அறையில அடுக்கிப் பூட்டினன்.

சிரிக்காதீங்க மிஸ். எங்கட பறங்கி ஆக்கள்ட வீட்டுல கண்ணாடி அலுமாரி ஒண்டு கட்டாயம் இரிக்கும். டச்பார் கடற்கரையில எங்கட வீட்டுலயும் இருந்திச்சு, பூப்போட்ட பீங்கான் பன்னிரண்டோட. நத்தார்ப் பெருநாளுக்கு எடுத்துத் துடைப்பம், பாதர் வந்தா ஒண்டுல கேக் வைப்பம், மறுகா உள்ள. என்ட பெண்சாதி ஒலிவ் அதுல ஒருநாள் சோறு தின்னல்ல. அந்த நத்தாருக்கும் துடைச்சு உள்ள வெச்சா. அடுத்த நாள் காலம்புறக் கடல் வந்திச்சு. பீங்கானும் போச்சு, ஒலிவும் போனா. பட்டும் எனக்குப் புத்தி வரல்ல.

என்ன? ஓம், நீங்க வாறீங்க எண்டு போன் வந்தா விரிப்பன். நீங்க ஜீப்பில ஏறினா சுருட்டுவன். எல்லாம் சேத்துப் பாத்தா நாலு வருசத்துல பதினாறு நாள் நிலத்துல கிடந்திரிக்கி. அதுதான் மாயம். மற்ற ஊருல கிழிஞ்சது புள்ளைகள் விளையாடினதால கிழிஞ்சது மிஸ். அங்க கிழிஞ்சதுக்கு மாலை போடுங்க.

மற்ற நாள்ல எங்க விளையாடினதுகளா? கொங்கிறீட்டில. வேற எங்க? மெல்ல ஏறுங்க, மெல்ல ஏறுங்க எண்டு நான் கத்திக்கிட்டு நிப்பன்.

ரெண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. வாகரைப் பக்கத்துச் சனம் ஓடி வந்து பள்ளிக்கூடத்துல தங்கின நேரம். சண்டையால உங்கட ஆக்கள் வாறது நிண்டு போச்சு. பாக்க ஆளில்லாட்டி மெத்தைக்கு என்ன வேலை எண்டு ஏழு மாசம் அந்தக் கதவே நான் திறக்கல்ல. வாகரையால வந்த இராசாத்திக்கு ஒரு மகள், நிலுக்சி எண்டு பேர், ஆறு வயசு. அந்த ஏறுற சட்டத்துல உச்சியில நிண்டா. அந்த நேரம் ஆமி மல்ட்டிபரல் ஷெல் அடிச்சான், ஊரே ஆடிச்சு. புள்ள ரெண்டு கையையும் விட்டுட்டுக் காதப் பொத்தினா. வாகரையில பழகினது அது.

ஆஸ்பத்திரியில கொய்யா மரத்தால விழுந்த எண்டு சொல்லுங்க எண்டு இராசாத்திக்கிட்டச் சொன்னது நான்தான். உண்மையச் சொன்னா ஊஞ்சலையும் கழட்டிட்டுப் போயிருவாங்க எண்டன். அகதியா வந்து எங்கட கையப் பாத்துக்கிட்டு இருந்தவ, எப்பிடி மறுப்பா? சொன்னா. முழங்கை இண்டைக்கும் மடிஞ்சபடிதான். கிளினிக்குக்குப் போகணும் எண்டு வாகரைக்கும் போகாம அடுத்த ஒழுங்கையிலதான் இரிக்காங்க. கொழும்புல வெட்டிச் சரி செய்யலாமாம், வளர முன்னுக்குச் செய்யணுமாம். விளையாட்டிடத்துல விழுந்த புள்ளைக்கு வைத்தியம் நீங்க பாப்பீங்க எண்டு உங்கட கொப்பியிலயே கிடக்கு. கொய்யா மரத்தால விழுந்த புள்ளைக்கு ஆரு பாக்கிற? அதுதான் சொல்லுறன், எழுதுங்க. மெத்தை இல்லாமக் கொங்கிறீட்டில விழுந்த, பூட்டி வெச்சது க்ளைவ் எண்டு எழுதுங்க.

எழுதிட்டீங்களா? இன்னொண்டும் இரிக்கி மிஸ். இது இராசாத்திக்கும் தெரியாது.

புள்ள கத்தினது கேட்டு நான் ஓடினன். புள்ளைக்கிட்ட இல்ல, களஞ்சிய அறைக்கு. கதவத் திறந்து ரெண்டு மெத்தைய இழுத்து வந்து போட்டுட்டு, ஆக்கள் வர முன்னுக்கு எண்ட அவசரத்துல அவவ அடிபட்ட அந்தக் கையிலயே புடிச்சுத் தூக்கி அதுல கிடத்தினன். தூக்கக்குள்ள முழங்கைக்குள்ள ஒரு சத்தம் கேட்டிச்சு.

அவவுக்கு இப்ப ஒன்பது வயசு. கேட்டுப் பாருங்க, காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவா: நான் விழுந்த உடன, எனக்கு நோகும் எண்டு க்ளைவ் அங்கிள் ஓடிப்போய் மெத்தை கொண்டு வந்தவர் எண்டு.