பத்தொன்பதாவது வரி

இரவு மணி பத்து இருபது. பழைய கோட்டை நகரம் ஒன்றில், ஒரு குறுகலான கல் தெரு. எல்லாக் கடையும் சாத்தியாகிவிட்டது. முப்பதடிக்கு ஒரு விளக்கு... நடுவில் இருட்டு. அந்தத் தெருவில் இரண்டே பேர். முன்னால் மாமா, நாலடி பின்னால் அத்தை.

மாமா என்றால் நம் மெக்கானிக்கின் தாய்மாமா. இன்றைக்கு ஷிஃப்டுக்கு வரவில்லையே, அவனுடைய மாமாதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. இதே டிப்போவில் முப்பது வருஷம் பஸ் நேரம் போட்டுக்கொண்டிருந்தவர். ‘நிமிஷம்’ என்றுதான் அவருக்குப் பெயர். சம்பந்தி வீட்டுக்குப் போனால்கூடக் கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

அவர் ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் சேர்ந்து இருவரையும் சொகுசுக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கப்பல் ஒரே ஒரு ஊரில் மட்டும் ராத் தங்கும். அங்கே எந்நேரமும் இறங்கலாம், ஏறலாம். அவரவர் அட்டையை வாசலில் உள்ள மிஷினில் வைத்தால் போதும். மனிதர் சும்மா இருப்பாரா? ஒரு வாரம் உட்கார்ந்து, அந்த ஊருக்கென்று ஒரு தாளில் பதினெட்டு வரி எழுதினார். எத்தனை மணிக்கு எந்த மதில், எத்தனை நிமிஷம் எந்தக் கோபுரம் என்று எல்லாம் அதில் இருந்தது. அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எங்கயாவது ஒரு இடத்துல சும்மா உக்காரணும்ங்க.”

பதினாலாவது வரி: ‘சும்மா உட்காருதல் – 11 நிமிஷம்.’

கடைசியில் யோசித்துப் பத்தொன்பதாவதாக ஒன்று சேர்த்தார். இருப்பது ஒரே போன், அதுவும் அவர் பையில். ஆகவே, ‘தவறிவிட்டால், கோட்டை வாசல் பக்கம் வற்றிப்போன நீரூற்று. முதலில் வந்தவர் நகரக் கூடாது. மற்றவர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.’ அத்தை சிரித்துக்கொண்டே கீழே கையெழுத்துப் போட்டார். மாமாவும் போட்டார்.

அந்த நீரூற்றின் விளிம்பில்தான் அன்று ராத்திரி உட்கார்ந்தார்கள். சரியாகப் பதினொரு நிமிஷம். மாமா எழுந்துவிட்டார்.

“இன்னும் கொஞ்ச நேரங்க...”

“பதினைஞ்சாவது வரி பாக்கி இருக்கு.”

அத்தைக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க முதுகைத்தான் பாத்துக்கிட்டு வர்றேன்” என்றார்.

மாமாவுக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால்தான் அத்தனை கோபம். பதினைந்தாவது வரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கப்பலைப் பார்த்து விடுவிடுவென்று நடந்தார்.

திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு எப்போதுமே இல்லை. அத்தையின் செருப்புச் சத்தம் போதும். வலது காலில் வார் கொஞ்சம் தளர்ச்சி... டப்... சர்ர்ர்... டப்... சர்ர்ர். சந்தைக் கூட்டத்தில்கூட அதைக் கேட்டுக்கொண்டே முன்னால் போய்விடுவார்.

நீரூற்றைத் தாண்டித் தெருவில் நுழைந்ததுமே, மணி பத்து இருபது, பின்னால் ஒரு குரல். “என்னங்க... நில்லுங்க.”

மாமா நிற்கவில்லை. செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. பத்து எண்ணும் நேரம் ஒன்றுமே இல்லை... பிறகு, டப்... சர்ர்ர்... டப்... சர்ர்ர்.

வருகிறாள், வரட்டும் என்று நடந்தார்.

பதினெட்டு நிமிஷ நடை. வழியெல்லாம் அந்தச் சத்தம், அதே நாலடி தூரத்தில். இவர் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது. பல நாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் ஒரு வாடை வருமே... அது பின்னாலிருந்து வந்தது. கடல் வாடை என்று நினைத்துக்கொண்டார். கப்பலின் இரும்புப் படியில் ஏறும்போதும் பின்னால் டப்... சர்ர்ர். அட்டையை வைத்தார். ‘பீப்’. மேல்தளத்தில் பாட்டுக் கச்சேரி. வேறு எதுவும் காதில் விழவில்லை. நீளமான நடைபாதைக்கு வந்த பிறகு மறுபடியும் அதே சத்தம். அறைக்குள் நுழைந்தார். சத்தம் கதவுக்கு வெளியே நின்றது.

உள்ளே வரவில்லை.

அவளுக்குக் கோபம், மேல்தளத்துக்குப் போவாள், எங்கே போய்விடப் போகிறாள் என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தார். தூங்கியும்விட்டார். எழுந்து கதவைத் திறந்திருக்கலாம்... அதைத்தான் இன்றுவரை மெக்கானிக்கிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

காலை ஐந்தரைக்கு விழிப்பு. பக்கத்துப் படுக்கை மடிப்புக் கலையாமல் இருந்தது. கப்பல் வாசலுக்கு இறங்கிப் போனார். அங்கே ராத்திரி முழுக்கக் காவலுக்கு இருந்த பையன் நம் மொழி பேசுகிறவன். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“சார், நீங்க எப்ப உள்ள வந்தீங்க?”

“ராத்திரியே வந்துட்டேன்பா. என் வீட்டம்மா?”

அவன் திரையைத் தட்டினான். “அம்மா இறங்கினவங்க இன்னும் ஏறலையே சார். நீங்க பத்து முப்பத்தெட்டுக்குத் தனியா வந்தீங்க. பதினொண்ணு ரெண்டுக்குத் திரும்ப வெளிய போனீங்க. அதுக்கப்புறம் வந்ததா கணக்கு இல்ல.”

“நான் போகலையே!”

“என்கிட்டயே சொன்னீங்களே சார்... ‘அவ காத்துக்கிட்டிருப்பா’ன்னு.”

மாமா சட்டைப் பையைத் தொட்டார். அட்டை அங்கேயே இருந்தது. ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறது.

அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறை ஓடினார். பதினெட்டு நிமிஷத் தூரம், எத்தனை நிமிஷத்தில் போனோம் என்று அவருக்கே தெரியாது. விடியாத வெளிச்சம். நீரூற்றின் விளிம்பில் அத்தை, வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். மடியில் செருப்பு. வலது வார் அறுந்து தொங்கியது.

மாமா அந்த வாரைத் தொட்டுப் பார்த்தார். “இது... எப்ப அறுந்துச்சு?”

“அப்பவேதான். கூப்பிட்டேனே, ‘என்னங்க, நில்லுங்க’ன்னு. நீங்க போயிட்டீங்க. இதைக் கையில எடுத்துக்கிட்டு இங்க வந்து உக்காந்துட்டேன். அதான் எழுதியிருக்கே, நகரக் கூடாதுன்னு.” அத்தை சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை மாமா பார்த்ததே இல்லை. “தண்ணி வாங்கிட்டு வரேன்னு போனவரு, வெறுங்கையோட வந்து நிக்கிறீங்க?”

“யாரு... போனா?”

“என்னங்க இது, தூக்கக் கலக்கமா? பதினொண்ணு இருபதுக்கு வந்தீங்க. கோபுரக் கடிகாரத்துல பாத்தேன். வந்ததும் வராததுமா பக்கத்துல உக்காந்தீங்க. ராத்திரி பூரா ஒரு தடவையாவது வாட்சைப் பாத்தீங்களா? கைதான் ஜில்லுனு இருந்துச்சு.”

பதினொன்று இரண்டோடு பதினெட்டைக் கூட்டினால் பதினொன்று இருபது. முப்பது வருஷம் போட்ட கணக்கு, தானாகவே வந்து விழுந்தது. அத்தையின் காலடியில் காகிதத் துண்டுகள் கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்தார். அவருடைய கையெழுத்து. ‘சும்மா உட்காருதல்’.

“நீங்களே கிழிச்சுப் போட்டுட்டு என்ன பாக்குறீங்க?” என்று அத்தை துண்டுகளைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாமா பையைத் துழாவினார். தாள் இருந்தது. பத்தொன்பது வரியும் முழுசாக.

அத்தையிடம் அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? கல்யாணமான முப்பத்துநாலு வருஷத்தில் அவள் சந்தோஷமாக இருந்த ஒரே ராத்திரி. ‘அது நான் இல்லை’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பொறாமையும் பயமும் ஒன்றாக வந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்பச் சூடா இருக்கு” என்றார் அத்தை.

ஊர் திரும்பிய பிறகு அவர் முன்னால் நடப்பதில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்தார், நேரம் பார்க்காமல். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. போன வாரம்தான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அத்தை பேச்சுவாக்கில் கேட்டார்.

“அன்னிக்கு ராத்திரி நீரூற்றுக்கிட்ட கேட்டீங்களே, மறந்துட்டீங்களா? ‘நாளும் நேரமும் நான் குறிக்கிறேன், கூப்பிட்டா வந்துடுவியா’ன்னு.”

“நீ... என்ன சொன்ன?”

“சரின்னேன். நீங்க கேட்டு நான் என்னிக்கு மாட்டேன்னு சொன்னேன்?”

அன்று ராத்திரி, அத்தை தூங்கிய பிறகு, மாமா கைப்பையிலிருந்து அந்தத் துண்டுகளை எடுத்து ஒட்டிப் பார்த்தார். பதினெட்டு வரி அப்படியே இவர் எழுதியதுதான். பத்தொன்பதாவதில் நீரூற்றும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. ஒரு தேதி, ஒரு நேரம் மட்டும் இருந்தது.

நேற்று மெக்கானிக் அதை இங்கே கொண்டுவந்து காட்டினான். இந்த மேஜை மேல்தான் வைத்தான். ஒட்டிய தாளில் இன்னும் அந்தக் கிணற்று வாடை... பத்தொன்பதாவது வரியில் இருப்பது இன்றைய தேதி. நேரம், ராத்திரி பதினொன்று இருபது.

அதனால்தான் அவன் வரவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மாமா, அத்தையின் கையைப் பிடித்தபடி இருக்கிறாராம், விடவே இல்லையாம். கொஞ்சம் முன்னால் அவனிடமிருந்து செய்தி வந்தது, படிக்கிறேன்.

“அத்தை அந்தப் பழைய செருப்பைத் தைச்சு வாங்கி வச்சிருக்காங்க. இப்ப போட்டுக்கிட்டாங்க. ‘கையை விடுங்க, அவர் வந்துட்டார்’னு மாமாகிட்ட சொல்றாங்க.”

யாராவது மணி பாருங்கள்... பதினொன்று பத்தொன்பதா?