உடைந்ததற்கு ஒரு நாற்காலி

கண்ணாடிச் சாமான்களைக் கட்டுவதற்குத் தெர்மாகோலைவிடப் பழைய செய்தித்தாள்தான் நல்லது. தெர்மாகோல் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் லாரி ஒரு பள்ளத்தில் இறங்கினால் அது தனியாக நகரும், பொருள் தனியாக நகரும். கசக்கிய காகிதம் பொருளோடு சேர்ந்து அசையும். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் கூரியர் கடை நடத்திய காலம் முழுவதும் வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் குறைவு.

சப் இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா அவர்கள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "யாக்கே?" ஏன் என்று. நின்றபடி பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல, எழுதித் தருகிறேன் என்றேன். தமிழிலேயே எழுதுங்கள், கன்னடத்தில் மாற்றிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று வெள்ளைத்தாள் கொடுத்தார். நான் வாணியம்பாடியில் படித்தவன். கடிதம் என்றால் முதலில் பொருளைக் குறிப்பிட வேண்டும், பிறகு நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல வேண்டும், கோபத்தையும் அழுகையையும் தாளில் காட்டக்கூடாது என்று எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியே எழுதுகிறேன்.

பொருள்: ரிச்சர்ட்ஸ் டவுன் திருமதி டோரீன் அவர்களின் கண்பார்வை தொடர்பாக.

பீன்யாவில் நான் லேத் ஓட்டிய கம்பெனியை மூடியபோது, கைக்கு வந்ததைக் கொண்டு சென்னைக் கூரியர் ஒன்றுக்கு ஏஜென்ட் ஆனேன். அது தொண்ணூற்றாறாம் வருடம். சென்னையிலிருந்து வரும் பார்சல்களை இந்தப் பக்கத்து வீடுகளில் சேர்ப்பது வேலை. ரெமிஜியஸ் என்று என் வயதுக்காரர் ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பார். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் நான் தனியாக இருந்தேன். மாலையில் ஷட்டரை இறக்கினால், மறுநாள் ரெமிஜியஸ் வந்து கூப்பிடும்வரை என் பெயரை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிலவரத்தைச் சொல்கிறேன்.

பார்சல் தொலைந்தாலோ உடைந்தாலோ மற்ற கடைக்காரர்கள் மேலிடத்தைக் கைகாட்டிவிடுவார்கள். என் வழக்கம் வேறு. நானே போவேன். சட்டை மாற்றிக்கொண்டு, உடைந்த பொருளை ஒரு சில்லுகூட விடாமல் புதுப் பெட்டியில் எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். முதலில் மன்னிப்புக் கேட்பேன், அப்புறம் காரணத்தைச் சொல்வேன், கடைசியில் என்ன செய்யப்போகிறேன் என்பதைச் சொல்வேன். அவர்கள் கத்தி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டேன். கத்தி முடித்த மனிதர்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. உட்காரச் சொல்வார்கள். தண்ணீர் வரும். சில வீடுகளில் காபி வரும். ஒரு வீட்டில் மகளின் கல்யாண ஆல்பத்தைக் காட்டினார்கள்.

பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பார்சலுக்கு இது எதுவும் கிடையாது. கேட்டுக்கு வெளியே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

ரெமிஜியஸ் இதைக் கேலி செய்வார். "வெயில்ல அலைஞ்சு ஒழுங்கா குடுக்கறவனுக்கு கேட்டோட சரி. உடைச்சிட்டுப் போற உங்களுக்கு நாற்காலி, காபி. நாளைலேர்ந்து நானும் ரெண்ட கீழ போடறேண்ணா."

நான் சிரித்தேன். அவர் விளையாட்டாகச் சொன்னார் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அவருக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமில்லை.

டோரீன் மேடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் ரூபினி சென்னையில் இருக்கிறார். மேடத்துக்குக் கண்ணில் அழுத்தம். அதற்கான சொட்டு மருந்து வெளிநாட்டிலிருந்து வருவது. சென்னையில் அவருடைய டாக்டர் மூலமாகத்தான் அப்போது கிடைத்தது. ரூபினி அதை ஐஸ் வைத்துத் தெர்மாகோல் பெட்டியில் அனுப்புவார். முதல் பெட்டி என் கடைக்கு வந்தபோது உள்ளே சீசா உடைந்திருந்தது.

வழக்கப்படி போனேன். அவர் கத்தவில்லை. பெட்டியைத் திறந்து சில்லுகளைப் பார்த்துவிட்டு, "இதை எதுக்கு தம்பி கொண்டாந்தீங்க, அடக்கம் பண்ணவா?" என்றார். பிறகு ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அன்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எக்ஸ்சேஞ்சில் இருந்தவரை ஊருக்கெல்லாம் தன் குரல் தெரியும், முகம் யாருக்கும் தெரியாது என்றார். இப்போது தனக்கு மற்றவர்கள் முகம் தெரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார். மருந்து விட்டால் இருக்கிற பார்வை நிலைக்கும், விடாவிட்டால் போனது திரும்பி வராது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ஆகவே எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்கும் எண்ணம் எனக்கில்லை.

இரண்டாவது பெட்டியும் லாரி வழியில் நின்றுபோய் வெயிலில் கெட்டுவிட்டது. கதவைத் திறந்ததும், "இன்னைக்கு என்ன உடைச்சீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்காகவே அச்சுமுறுக்கு எடுத்துவைத்தார். ரூபினி சிரிக்கவில்லை. கடைக்கு போன் செய்து, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு கூரியரில் போட்டுக்கொள்வதாகவும், இது அம்மாவின் கண் விஷயம் என்றும் சொன்னார். நியாயமான பேச்சு.

அடுத்து வந்தது பிளாஸ்டிக் சீசா. அதன் மூடி விரிசல் விட்டு, பாதி மருந்து ஒழுகியிருந்தது. நான் சட்டை மாற்றினேன், செருப்பையும் போட்டேன். கடை வாசல்வரை வந்து நின்றேன். இந்த ஒரு மன்னிப்பைக் கேட்டுவிட்டால் அந்த வீட்டுக்கு இனிமேல் போகவே வேண்டியிருக்காது என்று புரிந்தது. திரும்பி உள்ளே போனேன். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் உப்புத் தண்ணீரை வாங்கி சீசாவை நிரப்பி, மூடியின் விரிசலையும் ஒட்டினேன். மில்லிமீட்டரில் வேலை பார்த்த கை. சீசாவைத் திறந்த அடையாளமே தெரியாது. ரெமிஜியஸ் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். கேட்டுக்கு வெளியே ஒரு கையெழுத்து.

அதற்குப் பிறகு சில வாரங்கள் எனக்கு அங்கே போகக் காரணம் இல்லை. கூட்ஸ் வண்டி போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அறையில் இருந்தேன். ஒருநாள் அவரே போன் செய்தார்.

"பார்சல் முழுசா வந்திருச்சு தம்பி. ஒண்ணும் உடையலையேன்னு எனக்கே வருத்தமாயிருச்சு" என்றார். இந்த மருந்து முன்னைப் போல எரியவில்லை, நல்ல மருந்து என்றும் சொன்னார். கரண்ட் பில்லில் எழுத்து கலங்கலாகத் தெரிகிறது, அந்தப் பக்கம் வந்தால் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

போனேன். படித்துச் சொன்னேன். பெட்டி எதுவும் உடையாமலே அன்று எனக்கு நாற்காலி கிடைத்தது.

அதற்கடுத்த பெட்டி நல்ல நிலையில் வந்தது. ஐஸ்கூட முழுதாகக் கரையவில்லை. அதை நான் பிரித்தேன். சீசாவிலிருந்த மருந்தை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு உப்புத் தண்ணீரை நிரப்பி, பழையபடி கட்டினேன். தெர்மாகோலுக்கும் அட்டைப் பெட்டிக்கும் நடுவே கசக்கிய காகிதமும் வைத்தேன். அதன் பிறகு வந்த எல்லாப் பெட்டிகளுக்கும் அப்படியே செய்தேன். என் கையால் போன எந்தப் பார்சலைப் பற்றியும் அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து புகார் வந்ததில்லை.

கண் அழுத்தம் வலிக்காத நோய். ஓரத்திலிருந்து மெதுவாக இருட்டிக்கொண்டு வரும். நடுவில் தெரிந்துகொண்டே இருப்பதால் ஆளுக்கே தெரியாது. முதலில் மேஜை ஓரத்திலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டார். பிறகு பக்கவாட்டில் வந்த ஸ்கூட்டரைப் பார்க்கவில்லை. அப்புறம் தெருவைத் தாண்டத் தயங்கினார். ஒவ்வொன்றுக்கும் நான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பூசை முடியும்வரை வெளியே மரத்தடியில் நிற்பேன். பேப்பர் படித்துக் காட்டுவேன். பாதியில் நிறுத்தி, "இந்த மந்திரியோட குரல் எனக்குத் தெரியும், டிரங்க் கால்ல யாரைத் திட்டுவான்னும் தெரியும்" என்று கதை சொல்வார். மாலை காபி அந்த வீட்டில்தான் என்று ஆகிவிட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். சந்திரசேகரன் என்று முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட்டவர் எங்கள் அம்மாவுக்குப் பிறகு அவர்தான்.

சென்னையில் பரிசோதனைக்குப் போனபோது அழுத்தம் ஏறியிருப்பதாகவும், பார்வை நிறையப் போய்விட்டதாகவும் டாக்டர் சொன்னார். மருந்து ஒழுங்காக விடுகிறீர்களா என்று கேட்டார். தவறாமல் விடுகிறேன் என்று மேடம் சொன்னதை அவர் நம்பவில்லை. ரூபினியும் நம்பவில்லை. வயதாகிவிட்டது, மறந்துபோகிறாய், மறைக்கிறாய் என்று அம்மாவைத் திட்டினாராம். ஊருக்குத் திரும்பியதும் மேடம் என்னிடம் கேட்டார்.

"நீங்க தினமும் வர்றவரு. உண்மையச் சொல்லுங்க தம்பி. நான் மறந்துடறேனா?"

அவர் முகத்தைத் திருப்பி, நடுவில் மிஞ்சியிருந்த பார்வைக்குள் என்னைக் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில நாள் மறந்துடறீங்க மேடம்" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். இனிமேல் காலையிலும் மாலையிலும் நானே வந்து மருந்து விடுகிறேன் என்று சொன்னேன். ரூபினி போனில் அழுதார். "அண்ணா, நீங்க மட்டும் இல்லன்னா மம்மி என்ன ஆவாங்க" என்றார். வீட்டுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. மழையில் போயிருக்கிறேன், பந்த் அன்று நடந்து போயிருக்கிறேன், காய்ச்சலோடு போயிருக்கிறேன். பிரம்பு நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கொள்வார். கீழ் இமையை லேசாக இழுத்து ஒரு சொட்டு. தானே விட்டுக்கொள்ளும்போது பாதி கன்னத்தில் வழியும், நீங்கள் விட்டால் நேராக உள்ளே போகிறது என்பார்.

சென்ற மாதம் ஈஸ்டருக்கு ரூபினி சொல்லாமல் வந்தார். வரும்போது புது சீசா ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். நான் போவதற்குள் அவரே அம்மாவுக்கு விட்டிருக்கிறார். எரிகிறது என்று மேடம் முகத்தைப் பொத்திக்கொண்டாராம். இத்தனை நாள் தம்பி விட்டது எரிந்ததே இல்லையே என்றாராம். ரூபினி ஃபிரிட்ஜிலிருந்த பழைய சீசாவை எடுத்துக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு அன்றே ரயில் ஏறிவிட்டார். மற்றது உங்களுக்குத் தெரியும். வலது கண் முழுதாகப் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் இருக்கிற பக்கம் மட்டும் தெரிகிறது.

ஆகவே கோவிந்தப்பா அவர்களின் கேள்விக்குப் பதில் இதுதான். மேடத்துக்கு அனுப்பப்பட்ட மருந்தை நான் எடுத்துவிட்டேன். எடுத்தால் பார்வை போகும் என்று தெரிந்தே எடுத்தேன். பார்வை போகப் போக அவருக்கு நான் வேண்டியிருந்தேன். வேறு யாரும் சொல்லித் தரவில்லை. குடித்துவிட்டுச் செய்யவில்லை. அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. மரியாதை மட்டுமே உண்டு.

இன்று காலை ரூபினி மேடத்தை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்திருந்தார். மேடம்தான் வர வேண்டும் என்று கேட்டாராம். எனக்கு எதிரே உட்கார வைத்தார்கள். நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று தெரியாததால் கொஞ்சம் தள்ளிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இருமினேன். உடனே சரியாகத் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சந்திரசேகரன். மருந்து விடறப்ப ஒரு நாளாவது உங்க கை நடுங்குச்சா?"

"இல்ல மேடம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்திருக்கும்போது கையை நீட்டினார். பழக்கத்தில் நானும் எழுந்து கையைக் கொடுக்கப் போனேன். ரூபினி என் கையைத் தட்டிவிட்டு அம்மாவை வேகமாக இழுத்துக்கொண்டு போனார். இந்த ஸ்டேஷன் வாசலில் உயரமான படி ஒன்று இருக்கிறது. மேடம் அதில் தடுக்கி முழங்கால் அடிபட விழுந்துவிட்டார்.

நான் பக்கத்தில் இருந்திருந்தால் படி வருகிறது என்று முன்னாடியே சொல்லியிருப்பேன்.