கால் நின்ற பிறகும்

— நேற்றும் செய்திக்கு நடுவிலை மிதிக்கிறதை விட்டிட்டு உப்பிடித்தானே சொன்னனீங்கள், செயின் கழண்டு போச்செண்டு. இண்டைக்கு நான் குந்தியிருந்து பாத்தனான். செயின் இறுக்கமாத்தான் கிடக்கு.

— செயின் இல்லை பராசக்தி, டைனமோ. இஞ்சை பார், இந்த உருளை டயரிலை அமத்தி முட்டவேணும். முட்டினால்தான் சில்லோடை சேந்து சுத்தும், சுத்தினால்தான் கரண்ட். இப்ப இடைவெளி விழுந்து போச்சு. விளங்குதே?

— விளங்குது. தட்டிவிட்டால் முட்டும். ரேடியோவிலை செய்தி துடங்கப்போகுது, ஏறி மிதியுங்கோ.

— பொறு. சுன்னாகத்திலை கரண்ட் மெசின் ஓட்டி ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுத்தவன் நான். இப்ப ஒரு ரேடியோ கதைக்கிறதுக்கு என்ரை ரண்டு முழங்காலும் தேயுது.

— ஊருக்குக் குடுத்து என்ன, வீட்டிலை எரியிறது ஜாம் போத்தல் விளக்கு. கடையிலை பற்றறி மருந்துக்கும் இல்லை. பிள்ளை இயக்கத்துக்குப் போக முதல் இந்தச் சைக்கிளிலை ரேடியோவைப் பூட்டித் தராட்டில், ஆனையிறவிலை என்ன நடக்குதெண்டு ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?

— அதைத்தான் சொல்ல வாறன். ரேடியோ வயரிலை கிடக்கிற இந்த வெள்ளி உருளை என்னெண்டு எங்கடை பகீரதன் உனக்குச் சொன்னவனே?

— என்னவோ சொன்னவன். நான் வெங்காயம் உரிச்சுக்கொண்டு ஓம் ஓம் எண்டனான். உதைப் பிறகு சொல்லுங்கோவன்.

— இல்லை, கேள். டைனமோக் கரண்ட் முன்னுக்கும் பின்னுக்கும் அலையும். லைற்றுக்கு அது காணும், ரேடியோவுக்குச் சரிவராது. அதுக்குத்தான் முதல்லை ஒரு டயோட். அது ஒரு பக்கத்தாலைதான் போகவிடும். வாய்க்காலிலை மண்ணை வெட்டிப்போட்டு ஒரு பாத்திக்குத் தண்ணியைத் திருப்புறமெல்லே, அது மாதிரி. எண்டாலும் விட்டு விட்டுத்தான் வரும், குரல் கரகரக்கும். அதுக்குத்தான் இந்த வெள்ளி உருளை. இது கிணத்தடித் தொட்டி. இறைக்க இறைக்க நிரம்பும். இறைக்கிறவன் களைச்சு நிண்டாலும் தொட்டியிலை கிடக்கிற தண்ணி கொஞ்ச நேரம் ஓடும். விளங்குதே?

— விளங்குது. "அப்பாவுக்கு மூச்சு வாங்கினாலும் அம்மாவின்ரை நாடகம் அறாது" எண்டு சொல்லிச் சிரிச்சவன். அதுதான் பெரிசாப் பாத்துப் பூட்டினவன்.

— ஓம். மாமன்ரை உடைஞ்ச ரேடியோவிலை கழட்டினது. சோதினைக்குப் படிக்கச் சொன்னால் மாட்டுக் கொட்டிலுக்கை இருந்து இதைத்தான் நோண்டினவன். நான் ஏசினனான்.

— ஏசினதோ? புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சனீங்கள்.

— எறிஞ்சனான்தான்.

— இண்டைக்கு ஆடி வெள்ளி. ஏன் கோயிலுக்குப் போகேல்லை?

— முழங்கால் நோ எண்டு சொன்னனானே.

— கோயிலுக்கு நடக்க நோகும், தோட்டத்துக்கு நடக்க நோகாது. முந்தநாள் தொட்டு உந்த நோ. சாவீட்டுத் துடக்கு உள்ள ஆக்கள்தான் கோயில் வாசலை மிதியாயினம்.

— விசர்க்கதை கதைக்காதை!

— முந்தநாள் தோட்டத்துக்கு ரண்டு பெடியள் வந்தவையாம். பக்கத்து வளவுக் குணலட்சுமி கண்டவள்.

— தண்ணி கேட்டு வந்தவங்கள்.

— தண்ணி கேட்டு வந்தவை உங்களைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவையாம்.

— அவளுக்கு வேறை வேலை இல்லை. பராசக்தி, இண்டைக்கு ரேடியோ வேண்டாமே. நாளைக்குப் பாப்பம். டைனமோவைக் கழட்டித் துடைச்சு...

— என்னைப் பாத்துக் கதையுங்கோ.

— அந்தக் குறட்டை எடு, நட்டு இறுகிக் கிடக்கு.

— இஞ்சேருங்கோ. என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

— எங்கடை பிள்ளை இனி இல்லையடி. ஆனையிறவிலை, உப்பு வெளியிலை. முன்னுக்குப் போனவங்களோடை இவனும் போனவனாம். வீட்டை வரத்தான் வெளிக்கிட்டவங்கள். நான்தான் மறிச்சனான், நானே சொல்லுறன் எண்டு. முந்தநாள் தொட்டு வாயெடுக்கிறன், சொல் வருகுதில்லை. நீ அந்தச் செய்தியைக் கேக்காட்டில் உனக்கெண்டாலும் அவன் இன்னும் ஒருநாள் உயிரோடை இருப்பான் எண்டு...

— பிரேதம்?

— எடுக்கேலாமல் போச்சாம். வெட்ட வெளி. எடுக்கப் போனவங்களும் திரும்பேல்லையாம்.

— ம்.

— பராசக்தி, ஏன் இப்பிடி நிக்கிறாய்? வாய்விட்டு அழு, அம்மா. ஏன் அழுறாயில்லை?

— நேற்று செத்தவையின்ரை பேர் வாசிக்கேக்கை நீங்கள் மிதிக்கிற காலை நிப்பாட்டின பிறகும் அவன் பூட்டின தொட்டியிலை மிச்சம் கிடந்தது. "சுன்னாகத்தைச் சேர்ந்த பரமலிங்கம்" எண்டு உங்கடை பேரைச் சொல்லிப்போட்டுத்தான் அடங்கினது. அதுக்குப் பிறகு வாற அவன்ரை பேரை இண்டைக்கும் வாசிப்பினம், பிரேதம் வராத வீட்டுக்குப் பேரெண்டாலும் முழுசா வந்து சேரட்டும், நான் அழவேணும், ஏறி மிதியுங்கோ.