ரெண்டு தோணிக்கு நடுவுல

வேணா தம்பி, நீங்க இரிங்க. நான் நின்டுதான் போறன். பஸ்ஸுல ஆரும் எழும்பி இடம் தந்தா எனக்கு ஏசின மாதிரி இரிக்கி. கோவிச்சிக்காதீங்க, உங்கள்ல பிழையில்ல. நரைச்ச தாடியக் கண்டா நல்ல வளப்புப் புள்ளையள் எழும்பத்தானே செய்யும். ஆனா தாடிதான் தம்பி நரைச்சது. சாரத்த ஒசத்துறன், இந்தக் கெண்டைக்கால ஒருக்காப் பாருங்க. மாடு ஒதைச்சாலும் அசையாது.

வயசு எழுபது தாண்டிட்டு. நீங்க எங்க, திருக்கோவிலுக்கா? அப்ப தமிழாக்கள். நல்லதாப் போச்சி. எங்கட ஆக்களெண்டா நான் வாயத் திறக்க மாட்டன், அடுத்த ஹோல்ட்டுக்கு முந்தி ஊரெல்லாம் கதை பறந்திரும்.

நான் வயல் செய்த மனிசன். தொண்ணூறாம் ஆண்டு உங்கடாக்களுக்கும் எங்கடாக்களுக்கும் வந்த பிரச்சினைக்குப் பொறகு வயல் பக்கம் போக ஏலாமப் போச்சி. பொண்டாட்டியும் மௌத்தாகிட்டா, அடக்கியாச்சி. மகள்ட ஊட்ட சும்மா இரிந்தன். ஓடியாடின உடம்பு சும்மா இரிந்தா என்னாகும்? முழங்கால் ரெண்டும் பிடிச்சிட்டு. தொழக்குள்ள நெத்திய நிலத்துல வெச்சா எழும்புறத்துக்குச் சுவரப் பிடிக்கணும். கதிரையில இரிந்து தொழுங்க வாப்பா எண்டாள் றாஹிலா, என்ட மகள். எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல.

மறுநாள் விடியச் சுபஹு தொழுதிட்டு கடக்கரைக்குப் போனன். செருப்பில்லாம, காஞ்ச மணல்ல. ஈர மணல்ல ஆரும் நடக்கலாம் தம்பி. காஞ்ச மணல் கால உள்ளுக்கு இழுக்கும், புடுங்கிப் புடுங்கி வெக்கணும். முதல்ல ஒரு தென்னையில இரிந்து மத்தத் தென்னை மட்டுந்தான், அதுக்கே நெஞ்சு படபடண்டு அடிக்கும். போகப் போக மாளிகைக்காடு மட்டும் போய் வருவன். சோத்தக் குறைச்சன், சீனிய விட்டன், ராவைக்குக் குரக்கன் ரொட்டி.

ஏன் இந்தப் பாடெண்டு கேக்கிறீங்களா? மகன் பஸால் சவூதியில டிரைவர். வாப்பா, உங்கள நான் ஹஜ்ஜுக்கு அனுப்புவன் எண்டு சொல்லியிரிந்தான். ஹஜ்ஜெண்டா மக்காவுக்குப் போறது. வசதியும் தெம்பும் உள்ளவனுக்கு வாழ்நாள்ல ஒருக்காக் கடமை. போனாப் போதாது, அங்க நடக்கணும். கஃபாவச் சுத்தணும். ரெண்டு குன்றுக்கு நடுவுல போறதும் வாறதுமா இரிக்கணும், அதத் தொங்கோட்டம் எண்டுற. வெயிலும் நெருசலும் வேற. அதுக்குத்தான் பழகினன். கரையில இழுத்து வெச்ச ரெண்டு தோணியப் பாத்து, இதுக்கும் அதுக்கும் நடுவுல நடப்பன். வலைகாரனுகள் சிரிப்பானுகள். என்ன அபூசாலி காக்கா, எந்தத் தோணிய வாங்குறண்டு இன்னும் முடிவில்லையா எண்டு கேப்பானுகள்.

தனிய இல்ல. மச்சான் மீராமுகைதீன் ஹாஜியாரும் வருவார். பொண்டாட்டிட தம்பி, ஊடு சாய்ந்தமருதுல, மெயின் ரோட்டுல. அவர் முந்தியே ஹஜ் முடிச்சவர். தோள ஒடுக்குங்க மச்சான், அங்க இடிபாடு இப்பிடித்தான் எண்டு பழக்கினதே அவர்தான். ஆனா நடையில என்னைப் பிடிக்க ஏலாது. கொஞ்சம் நில்லுங்க மச்சான், ஆமியா துரத்துறான் எண்டு பின்னால இரிந்து கத்துவார். எனக்குக் கூடப்பொறந்தது ஆருமில்ல. அவரத்தான் அப்பிடி வெச்சிரிந்தன்.

ஒருநாள் கரைவலைக் கயிறு கால்ல கொழுவி விழுந்திட்டன். கயிறு தம்பி, மயக்கமில்ல. நீங்களெண்டாலும் விழுந்திருப்பீங்க. மணலத் தட்டிட்டு எழும்பி மிச்சத்தையும் நடந்தன். இத ஊட்ட சொல்லிராதீங்க மச்சான், புள்ளையள் பயந்திரும் எண்டன். அல்லாட மேல ஆணையாச் சொல்ல மாட்டன் எண்டார்.

அண்டைக்கே கொமினிகேஷனுக்குப் போய் பஸாலுக்கு கோல் எடுத்திரிக்கார். வாப்பா தலை சுத்தி விழுந்திட்டார், வாய் கோணிட்டு, நான்தான் தூக்கி வந்தன் எண்டு. மகளுக்கும் அதே கதை. அதுக்கு முந்தின வருசந்தான் மக்காவுக்குப் பக்கத்துல, மினாவுல, ஹாஜிமார்ட கூடாரத்துல நெருப்புப் பத்தி சனம் மௌத்தானது. றாஹிலா என்ட காலப் பிடிச்சி அழுறாள். நான் கயிறு கயிறு எண்டு சொல்றன், ஆரும் காதுல எடுக்கல்ல. மச்சான் பக்கத்துல தலையக் குனிஞ்சிக்கிட்டு இரிக்கார்.

எங்கடதுல ஒரு வழி இரிக்கி. உடம்புக்கு அறவே ஏலாத ஆளுக்குப் பதிலா இன்னொராள் போய் ஹஜ் செய்யலாம். பதல் ஹஜ் எண்டுற. ஆனா போறவர் தன்ட ஹஜ்ஜ முந்தியே முடிச்சிரிக்கணும். எங்கட குடும்பத்துல அப்பிடி ஆர் இரிக்கா?

ஓம். அவர்தான்.

எனக்குச் சொல்லித் தரச் சொல்லித் தர, மறுகாலும் போக அவருக்கு ஆசை வந்திட்டு. நான் வாயால ஓமெண்டு சொல்லணுமாம், அதுக்கு மார்க்கம் படிச்ச மௌலவி ஒராளையும் கூட்டி வந்தாங்க. மகள்ட கண்ணீருக்குச் சொன்னன். ஹஜ்ஜுல உடுக்க எனக்கெண்டு பஸால் அனுப்பின வெள்ளத் துணியையும் மச்சான்தான் எடுத்துக்கிட்டுப் போனார். நான் வேன் நிக்கிற இடம் மட்டும் போய் வழியனுப்பினன். நடந்துதான் போனன்.

வந்திட்டார். மக்காவுல இரிந்து கொண்டு வந்த ஸம்ஸம் தண்ணியும் பேரீச்சம்பழமும் குடுத்தனுப்பினார், நான் வாயில வெக்கல்ல. இப்ப அவர்ட வாசல்ல ஒரே சனம். மச்சானுக்காகக் கஷ்டப்பட்டுப் போன மனிசன் எண்டு பேர். எனக்கு நோயாளி எண்டு பேர்.

இல்ல தம்பி, சண்டை பிடிக்கல்ல. ஒரு சொல்லும் கேக்கல்ல. பின்னேரம் அசறு தொழுதிட்டு இந்த பஸ்ஸுல ஏறி மாளிகைக்காட்டுல இறங்குவன். இறங்கி, மெயின் ரோட்டால கைய வீசிக்கிட்டுத் திரும்பி நடப்பன். அவர்ட ஊடு அந்த வழியிலதான். ஆக்கள் கூடுற நேரமும் அதுதான். என்னைக் கண்டா அவர் உள்ளுக்குப் போயிருவார்.

வேற ஊர் மௌலவி ஒராளிட்டக் கேட்டன். ஏலாத ஆளுக்குத்தான் பதல், நடக்க ஏலுமான ஆளுக்கு ஆர் போய்ச் செய்தாலும் அது சேராது எண்டிட்டார். நெஞ்சு குளுந்திட்டு தம்பி. நான் நடக்க நடக்க அந்த ஹஜ் செல்லாமப் போகுது.

ஆர்ட ஹஜ்ஜா?

என்டதான். என்ட பேர்லதானே செய்தார். சேத்த காசு மச்சான் போனதோட முடிஞ்சிட்டு, மறுகா அனுப்ப பஸாலுக்கு வழியில்ல. கடமை அப்பிடியே என்ட கழுத்துலதான் கிடக்கு. மகளும் அதத்தான் சொல்றாள், நீங்க ஏலாதெண்டு ஊட்ட படுத்தாப் போதும் வாப்பா, உங்களுக்கு அது சேந்திரும் எண்டு.

படுக்க மாட்டன். மாளிகைக்காடு வந்திட்டு, கொஞ்சம் வழி விடுங்க.