நாகலக்ஷ்மி பெல்ட் போட்டிருந்தாள்

மத்தியானம் ஒரு மணி. கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், கருவேலங்காட்டை ஒட்டிப் போகும் மண்சாலை. ஆள் நடமாட்டமே இல்லை. சாப்பாட்டு நேரம் என்பதால் பட்டறைகளின் இரும்புச் சத்தம்கூட அடங்கியிருந்தது.

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? கரண்ட் வரும்வரை கிட்ட வந்து உட்காருங்கள். இது நம் பெர்சியின் மாமா ஆன்றோவுக்கு நடந்தது. அவளும் இங்கேதான் இருக்கிறாள்... பொய்யென்றால் சொல்லட்டும்.

ஆன்றோ கார் எலக்ட்ரீசியன், அந்த மண்சாலையில்தான் கடை. பக்கத்து லேத் பட்டறைத் தவசி, சாப்பிடக் கிளம்பியவர், இவனைப் பார்த்து நின்றார்.

"என்ன மாப்ள, சோறு திங்காம காரு மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்க? பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி!"

"லைட்டு எரியுதுண்ணே. அத அணைச்சிட்டு வாரேன்."

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு. அதன் படத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான், அவன் முன்னால் ஒரு பலூன். ஏர்பேக் விளக்கு, வண்டி மோதினால் விரிந்து ஆளைத் தாங்கும் பைக்கானது. வண்டிக்காரர் கல்யாணராமன், ஓய்வுபெற்ற வாத்தியார், வேப்பமர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த விளக்கின் சூட்சுமம் எளிது. சாவியைத் திருப்பியதும் ஆறேழு விநாடி எரிந்து அணைய வேண்டும். அந்த நேரத்துக்குள் வண்டியிலிருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், ஒவ்வொரு ஏர்பேக்குக்கும் துளி மின்சாரம் அனுப்பி, இருக்கிறாயா என்று கேட்கும். பையை வெடிக்க வைக்கும் திரியின் மின்தடை ஏறக்குறைய இரண்டு ஓம். அந்த இரண்டு ஓம் தெரிந்தால் விளக்கு அணையும். தெரியாவிட்டால் எரிந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. அது பையைப் பார்ப்பதில்லை... இரண்டு ஓமைத்தான் பார்க்கும்.

அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினான். இடதுபக்கப் பையிடமிருந்து பதில் இல்லை. பேட்டரி வயரைக் கழற்றி, மிச்ச மின்சாரம் வடிய மூன்று நிமிடம் காத்திருந்தான். கிளவ் பாக்ஸை எடுத்துவிட்டு உள்ளே கையை விட்டான்.

பை இருக்க வேண்டிய இடம் காலி. வயர் நுனியில் மஞ்சள் டேப் சுற்றிய ஒரு முடிச்சு. டேப்பின் கடைசி நுனி, பிறகு உரிக்க வசதியாக, உள்பக்கம் மடித்து ஒட்டப்பட்டிருந்தது.

அப்படி மடிக்கிற பழக்கம் ஆன்றோவுக்கு மட்டும்தான்.

உரித்தான். நெல்மணி அளவில் ஒரு ரெசிஸ்டர். இரண்டு ஓம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பழைய கார் வியாபாரி, எங்கோ மோதிப் பை வெடித்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "விளக்கு அணைஞ்சாப் போதும்ணே, வாங்குறவன் வாங்கிருவான்" என்றான். அவனுக்காக இப்படி எத்தனை வண்டியில் வைத்தான் என்று ஆன்றோவுக்கே நினைவில்லை. இந்த ரெசிஸ்டரின் ஒரு கால் இப்போது ஒடிந்திருந்தது.

கல்யாணராமன் எழுந்து வந்தார். ஆன்றோ கையை மூடிக்கொண்டான்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? போன ஐப்பசியில, அழகர்கோவில் ரோட்ல, நின்னுண்டிருந்த டிராக்டர்ல மோதிட்டேன். என் பக்கத்துப் பை திறந்தது. அவ பக்கம் திறக்கல. என் ஆத்துக்காரி, நாகலக்ஷ்மி... அங்கேயே போயிட்டா."

ஆன்றோ மூடிய கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டான்.

"இன்சூரன்ஸ்லேர்ந்து வந்தவர், பெல்ட் போடல, அதான் திறக்கலன்னு எழுதிட்டுப் போயிட்டார். தூக்கினவா கழட்டிவிட்டிருப்பா. அவ போட்டுண்டுதான் இருந்தா, தம்பி. ஆனா யாரும் நம்பல. எம் பொண்ணு வர்ஷினி பத்து மாசமா என்னோட பேசறதில்ல. 'நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மா போட்டிருப்பாளே'ங்கறா. இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுத்து... இந்த மிஷின்ல தெரியுமா? அன்னிக்கு அவ போட்டிருந்தாளான்னு?"

ஒரு வாக்கியம் போதும். அங்கே பையே இல்லை சார். அதைச் சொன்னால் அந்த மனிதருக்கு மகள் திரும்பக் கிடைப்பாள்.

"மோதுனப்புறம் கம்ப்யூட்டர மாத்திருக்காங்க சார். பழசு எதுவும் இதுல தெரியாது."

அதுவும் உண்மைதான். உண்மையாக இருந்ததால் சொல்லச் சுலபமாக இருந்தது. விபத்துக்குப் பின் வண்டியைச் சரிசெய்தவர்களும், விளக்கு அணைந்ததைப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

புது ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தான். ஈயப் புகை மூக்கில் ஏறியது. டேப் சுற்றினான். இந்த முறை நுனியை மடிக்கவில்லை. பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினான். விளக்கு எரிந்தது... அணைந்தது.

அப்போதுதான் ஸ்கேனர் திரையைப் பார்த்தான்.

இடது சீட்: ஆள் உண்டு. பெல்ட்: மாட்டியிருக்கிறது.

சீட் காலி. பெல்ட் அதன் கொக்கியோடு ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டுக்குள் ஒரு சென்சார் விரிப்பு உண்டு, எடை அழுத்தினால்தான் ஆள் என்று சொல்லும். அதன் வயரைப் பிடுங்கினான். திரை மாறவில்லை. பெல்ட் வயரையும் பிடுங்கினான். ஆள் உண்டு. மாட்டியிருக்கிறது.

கல்யாணராமன் ஜன்னல் வழியே தலையை நீட்டி மூச்சை இழுத்தார்.

"தைல வாசனை இன்னும் போகல பாருங்கோ. தலைவலின்னா நெத்தி நெறையப் பூசிப்பா."

காலையிலிருந்து அந்த வண்டிக்குள்ளேயே இருந்த ஆன்றோவுக்கு, அந்த வாசனை அப்போதுதான் வந்தது. குப்பென்று... பக்கத்திலிருந்து.

திரையை அணைத்தான். வயர்களைச் சொருகினான். "சின்ன வயர் கோளாறுதான் சார். சரியாயிருச்சு."

"நன்னா இருங்கோ தம்பி," என்று இரண்டு கையையும் கூப்பிவிட்டு அவர் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் ஆன்றோ தன் பழைய வேனில் தனியாகத் திருமங்கலம் போனான். அந்த வேனில் ஏர்பேக் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. இடதுபக்க பெல்ட் துருவேறிப் போய், இரண்டு கையால் இழுத்தாலும் வராது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை நிறுத்தினான்.

சர்ர்ர்...

டக்.

ஆன்றோவுக்குக் கல்யாணராமன் வீடு தெரியும், போன் நம்பரும் இருக்கிறது. பெர்சியிடம் இதைச் சொல்லி அழுத நாள்வரை அவன் அவரிடம் போகவில்லை. சொன்னால் கடையை மூட வேண்டியிருக்குமாம்.

காலி சீட்டில் பெல்ட்டை மாட்டினால் அது சாய்மானத்தோடு ஒட்டிக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அன்று கேட்டில் அவன் திரும்பிப் பார்த்தபோது, அந்தத் துருவேறிய பெல்ட் மாட்டியிருந்தது, ஆனால் ஒட்டவில்லை. தோளிலிருந்து இடுப்புவரை, ஓர் ஆளின் பருமனுக்கு முன்னால் தள்ளி நின்றது. நின்றது மட்டுமில்லை... மெதுவாக ஏறியது... இறங்கியது... ஏறியது...